ரெங்கம்மா அக்காவின் பெரட்டு

எங்கள் தீவில் யாராவது மனு எழுதச் சொல்லி வந்தால் நான் ஒரே ஒரு நிபந்தனை போடுவேன். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கவேண்டும். அடியில் "இந்த மனுவுக்குப் பொறுப்பு யோகராஜ்" என்று நானே எழுதிக்கொள்வேன். "என்னாண்ணே, தலைவராகப் பாக்குறீங்களா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஐம்பத்தைந்து வயதில் தலைவராகி நான் எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போகிறேன்? ஒருத்திக்குச் செய்த துரோகம் என்னை இப்படி எழுத வைக்கிறது.

அந்த ஒருத்தி ரெங்கம்மா அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லயத்துக்காரி. அவள் கதையைச் சொல்கிறேன். அதில் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் வராது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நாங்கள் சிலோன்காரர்கள். கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, எழுபதுகளில் கப்பல் ஏற்றப்பட்டு, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து மறுபடி கப்பல் ஏறி நிக்கோபாரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வந்து விழுந்தவர்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. அக்கா இருபது வயதில், கல்யாணமான புதிதில், புருஷன் நல்லதம்பியோடு வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ரப்பர் பால் வெட்டில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு நாளைக்கு முந்நூறு மரம். பட்டை காயப்படாமல் கத்தி ஓடும். வாய் மட்டும் எதிரில் யார் நின்றாலும் காயப்படுத்திவிட்டுத்தான் ஓயும். தோட்டத்து அதிகாரிகளை எல்லோரும் இந்திக்காரர்களைப் போல "சாப்" என்று கூப்பிடுவார்கள். அக்காவுக்கு எல்லோருமே "தொர"தான். "நம்ம தலையில ஒக்காந்திருக்கிறவன் எல்லாம் தொரதான்டா, என்னா பாசை பேசினா என்னா?" என்பாள்.

சுனாமி அலை வந்த ஞாயிற்றுக்கிழமை கடலோரத்து லயங்கள் எல்லாம் போயின. படகுத்துறைக்கு மீன் வாங்கப் போன அக்காவின் மகன் திரும்பவில்லை. நல்லதம்பி மாமாவின் இடுப்பில் ஒரு மரச்சட்டம் வந்து மோதியது. அதற்குப் பிறகு அவர் நிமிர்ந்து நடக்கவே இல்லை. எட்டு நாள் மலை மேலே இளநீரைக் குடித்துக்கொண்டு கிடந்தோம். பிறகு எங்களைத் தகரக் கொட்டகைகளில் வைத்தார்கள். இடைக்காலத்துக்கு என்றார்கள். அந்த இடைக்காலம் ஏழு வருஷம் ஓடியது. வெயிலில் உள்ளே உட்கார முடியாது, மழையில் உள்ளே பேச முடியாது. மாமா பாயில் படுத்தபடியே தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஒரு கதவு வச்ச வீட்டுல போயி சாகணும் யோகா" என்பார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த நாளில் தொழிற்சங்கச் செயலாளர் யார் என்று கேளுங்கள். அடியேன்தான். சங்க ஆபீஸை போர்டோடு சேர்த்து அலை கொண்டுபோயிருந்தது. எனக்குள் இருந்த சங்கமும் அதோடு போய்விட்டது. போராட ஆள் எங்கே? பாதிப் பேர் தினக்கூலிகள். வாயைத் திறந்தால் மறுநாள் பேரை அடித்துவிடுவார்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அனுமதி எங்கே என்று போலீஸ் வரும். இந்தத் தீவுகளுக்குச் சட்டசபை கிடையாது. எல்லாத் தீவுக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி. அதில் எங்கள் ஓட்டு பெருங்காயம் மாதிரி, மணக்கும், வயிறு நிறைக்காது. ஒரு கட்சிக்காரர் வந்தார், எங்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், வாந்தி எடுத்தபடியே கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு கட்சி என்று ஒன்றைப் பார்க்கவில்லை.

அலைக்கு இரண்டாம் வருஷம் ஒரு படிவம் வந்தது. மேட்டில் நிரந்தர வீடு கட்டித் தருகிறோம், குடும்பத்தலைவர் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார்கள். ஆங்கிலமும் இந்தியும்தான் இருந்தன. எங்கள் கொட்டகை வரிசையில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். வாசித்தேன். ஏழாவது வரியில், நிர்வாகம் காட்டும் எந்த இடத்துக்கும் குடிபோகச் சம்மதம் என்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் என்று வெளியாட்களுக்குப் புரியாது. சிலோனில் என் அப்பா இப்படித்தான் ஒரு காகிதத்தில் பெருவிரலை வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வைத்தார். நாடே மாறிப்போனது. சித்தப்பா வைக்கவில்லை, அவர் அங்கேயே தங்கிவிட்டார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சாகும்வரை அப்பா தன் பெருவிரலைத் திட்டிக்கொண்டே இருந்தார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. எங்களில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு விரல் கதை உண்டு.

"யாரும் கையெழுத்து வைக்காதீங்க. மறுபடி கப்பல் ஏத்தப் போறாங்க" என்றேன்.

ரெங்கம்மா அக்கா மட்டும் கேட்டாள். "மேட்டுலதானடா வீடுங்கிறாங்க? அந்தா தெரியுது மேடு. வாங்கிக்கிட்டா என்னா?"

"ஒனக்கு என்னாக்கா தெரியும்? படிச்சவன் சொல்றேன், கேளு."

அப்படித்தான் சொன்னேன். எல்லோருக்கும் எதிரில் சொன்னேன். அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு, படிச்ச தம்பி சொல்றான் என்று விரலை மடக்கிக்கொண்டாள். என் பேச்சால், என் வீட்டையும் சேர்த்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கையெழுத்து வைக்கவில்லை. மற்ற வரிசைகளில் அத்தனை பேரும் வைத்துவிட்டார்கள்.

மூன்று வருஷம் கழித்துப் பட்டியலை ஒட்டினார்கள். கையெழுத்து வைத்தவர்களுக்கெல்லாம் வீடு. எங்கே? அந்தா தெரிந்ததே, அதே மேட்டில். கொட்டகையிலிருந்து நடந்தால் அரை மணி நேரம். யாரையும் எந்தக் கப்பலிலும் ஏற்றவில்லை. எங்கள் பன்னிரண்டு பேருக்கும் எதிரே, சுயவிருப்பத்தில் மறுத்தவர்கள் என்று எழுதியிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் காலையில் தகரத்தை யாரோ தட்டினார்கள். ரெங்கம்மா அக்கா. திட்டத்தான் வந்திருக்கிறாள், நன்றாகத் திட்டட்டும் என்று வெளியே வந்தேன். கையில் பள்ளிக்கூட நோட்டும் பேனாவும் வைத்திருந்தாள்.

"எழுதுடா" என்றாள்.

"என்னத்த எழுதுறது? எல்லாம் முடிஞ்சு போச்சுக்கா."

"முடிஞ்சுதா இல்லியான்னு நீ என்னா சொல்றது? ஒனக்குத்தான் வாசிக்கத் தெரியலியே. எழுத மட்டுமாச்சும் செய்."

அந்த ஒரு குத்தோடு விட்டாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் படிவத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியதில்லை.

தோட்டத்தில் காலை ஆறு மணிக்கு ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். கண்டிச் சீமையிலிருந்து மூட்டையோடு மூட்டையாக நாங்கள் கொண்டுவந்த சொல். பெரட்டுக்கு வராதவனுக்கு அன்று வேலை கிடையாது. வாழ்நாள் முழுக்க எங்களை அதட்டிய அந்தப் பெரட்டையே அக்கா எடுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு மணிக்குக் கொட்டகை முன்னால் நின்று, பன்னிரண்டு குடும்பத்துப் பெயரையும் மனப்பாடமாகக் கூப்பிடுவாள். வீட்டுக்கு ஒரு ஆள் "இருக்கு" என்று பதில் சொல்லவேண்டும். பிறகு வரிசையாக நடந்து ஆபீஸுக்குப் போய் நிற்போம். கோஷம் கிடையாது, கொடி கிடையாது, உட்காரக்கூடாது. உட்கார்ந்தால்தானே தர்ணா? ஆளுக்கொரு மனு, தனித்தனி. மனு கொடுக்க வரிசையில் நிற்பதற்கு எந்த ஊரிலும் அனுமதி வேண்டாமே! போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மனுவை வாங்குகிற குமாஸ்தா, "ஹோ ஜாயேகா, ஹோ ஜாயேகா" என்பார். ஆகிவிடும், ஆகிவிடும் என்று அர்த்தம். இந்தத் தீவுகளில் எதுவும் ஆகாது என்பதற்கும் அதைத்தான் சொல்வார்கள். அக்கா நகரமாட்டாள். "நம்பர் டாலோ தொர, நம்பர் டாலோ" என்று பாதி இந்தியில் நிற்பாள். பன்னிரண்டு மனுவுக்கும் வரவு எண் போட்டால்தான் வரிசை கலையும்.

முதல் மாதம் பன்னிரண்டு பேரும் வந்தோம். தினக்கூலிகளை மேஸ்திரி மிரட்டினார், ஏழானோம். மழைக்காலத்தில் நாலு பேர். ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவும் நானும் மட்டும் நின்றோம். அன்றைக்கும் பன்னிரண்டு பெயரையும் கூப்பிட்டாள். பதில் வராத ஒவ்வொரு பெயருக்கும் "வரும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். எனக்கு அசிங்கமாக இருந்தது.

"யாருக்கா வரப்போறா? எதுக்கு இந்தக் கூத்து?" என்று கத்திவிட்டேன்.

"பேர் கூப்புட்டாத்தான்டா, நம்மள ஒருத்தர் தேடுறாங்கன்னு அவனுக்குத் தெரியும். கூப்புடலன்னா அவன் வராததே அவனுக்கு மறந்து போயிரும்."

தகரத்துக்குள்ளே படுத்திருந்தவர்களுக்கு அந்தக் குரல் கேட்காமல் இருக்குமா? அடுத்த வாரம் பக்கத்துக் கொட்டகைக் காத்தமுத்து சட்டையைக்கூடப் போடாமல் ஓடிவந்து நின்றான். அதற்கடுத்த வாரம் ஐந்து பேர். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக இருந்த இரண்டு வருஷம் அதுதான். நான் எழுதுவேன், அவள் கூப்பிடுவாள்.

பிறகு ஒரு புதிய அதிகாரி வந்தார். வாரத்துக்குப் பன்னிரண்டு மனு என்று அலமாரி நிறைந்து கிடப்பதைப் பார்த்து, இது என்ன தலைவலி என்று விசாரணைக்கு நாள் குறித்தார். பள்ளிக்கூட அறையில் எங்களை உட்காரவைத்தார். கெட்டவர் இல்லை. சட்டம் என்ன என்று நிதானமாக இந்தியில் சொன்னார். சொந்த விருப்பத்தில் மறுத்தவர்களை மறுபடி சேர்க்க வழியில்லை. ஆனால் யாராவது தவறாகச் சொல்லித் தடுத்திருந்தால், தடுக்கப்பட்டவர்களைச் சேர்க்கலாம். தடுத்த ஆளைச் சேர்க்கமுடியாது.

"கிஸ்னே ரோகா?" என்றார். யார் தடுத்தது?

நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் உடைந்திருந்தது. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். என் மனைவி சுகுணா அன்று காலையில், வீடு வந்தால் எங்கே அடுப்பு வைப்பது என்று பேசியதை நினைத்தேன். ஒரு நிமிடம் இருக்கும். எழவேண்டும் என்று தெரியும். முழங்கால் எழவில்லை. இன்றுவரை அந்த முழங்காலை நான் மன்னிக்கவில்லை.

"நாந்தான் தொர" என்றது ஒரு குரல்.

ரெங்கம்மா அக்கா எழுந்து நின்றிருந்தாள். காத்தமுத்து வாயைத் திறந்தான். அக்கா அவனை ஒரு முறை முறைத்தாள், மூடிக்கொண்டான். அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "படிக்கத் தெரியாதே உங்களுக்கு?" என்றார். "படிக்கத் தெரியாததாலதான தொர தப்பாச் சொன்னேன்" என்றாள். அவர் எழுதினார். அதில் அவள் பெருவிரலை வைத்தாள். நான் அவளை வைக்கவிடாமல் தடுத்த அதே விரல். அப்போதும் நான் பேசவில்லை.

பதினோரு குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்கள். என் வீட்டில் பால் காய்ச்சியபோது அக்கா வந்திருந்தாள். அடுப்பு பற்றாமல் சுகுணா புகையில் திணறிக்கொண்டிருந்தாள். அக்காதான் குனிந்து ஊதிப் பற்றவைத்தாள். பால் பொங்கியதும் குலவை போட்டாள். எல்லோருக்கும் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். என் தம்ளரை நான் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். அதுதான் நான் செய்த பிராயச்சித்தம், வெட்கக்கேடு.

கொட்டகைகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். அக்காவுக்குப் போக்கிடம், மகள் சித்ரா வீடுதான். தெற்கு அந்தமானில் பெரார்கஞ்ச் பக்கம், மருமகன் ஒரு பாக்குத் தோட்டத்தில் வேலை. மாமாவை நாலு பேர் நாற்காலியில் வைத்துக் கப்பலில் ஏற்றினோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீடு நல்லாயிருக்கா யோகா? கதவு நல்லா சாத்துதா?" என்று கேட்டார். "சாத்துது மாமா" என்றேன். டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அக்கா எதிரில் நின்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் நினைத்தேன். "மழை வரும்போல இருக்குக்கா" என்றேன்.

"நனையாமப் போ" என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் பேனாவைத் தொடவில்லை. இந்தக் கையால் இனி என்ன மனு, என்ன நியாயம்? தோட்டத்தில் வேலை முடிந்து ஓய்வுபெற்றவர்களை லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நாற்பது வருஷம் உழைத்தவர்களுக்கு இந்தத் தீவில் சொந்தமாக ஒரு முழம் மண் கிடையாது, எங்கே போவார்கள்? காத்தமுத்து வந்து கூப்பிட்டான். "என்னய விட்டுடு" என்று அவனை அனுப்பிவிட்டேன். குற்றம் செய்தவன் ஒதுங்கி இருப்பதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்!

நல்லதம்பி மாமா போய்விட்டார் என்று தகவல் வந்தது. கப்பல் கிடைத்துப் போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பேயில் இறங்கி, பஸ் பிடித்துப் பெரார்கஞ்ச் போய்ச் சேர்வதற்குள் கருமாதியே முடிந்திருந்தது. வீட்டில் சித்ரா மட்டும்தான் இருந்தாள். மாமா எப்படிப் போனார் என்று கேட்டேன். மருமகன் வீட்டில் இடமில்லை, பின்பக்கம் தார்ப்பாய் போட்டுச் சாய்ப்பு இறக்கி அதில் படுக்க வைத்திருந்தார்கள். அந்தச் சாய்ப்புக்குக் கதவு இல்லை.

"அம்மா எங்க?"

"அது எங்க சும்மா இருக்கு மாமா? கருமாதி முடிஞ்ச மூணாம் நாளே, தண்ணிக் குழாய் கேக்கணும்னு பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிருச்சு. வெள்ளச் சேல கட்டிக்கிட்டு வெளிய போகாதம்மான்னா கேக்குதா? வெள்ளச் சேலயப் பாத்தாத்தான் தொர சீக்கிரம் நம்பர் போடுறாராம்."

அக்கா மத்தியானம் வந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "கப்பல்ல ஒண்ணும் தின்னிருக்க மாட்ட. ஒக்காரு" என்று தட்டு எடுத்து வைத்தாள். துக்கம் விசாரிக்கப் போனவன் நான். சோற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, விசாரணை அன்னிக்கி நாந்தான் சொல்லியிருக்கணும். மாமா இப்படிச் சாகவேண்டியதில்ல. நான் போயி எழுதிக் குடுத்துர்றேன், நாந்தான் தடுத்தேன்னு."

"குடுத்தா? ஒன் சாவிய வாங்கிக்குவானுக. என்கிட்டயா கொண்டாந்து குடுக்கப்போறானுக? பூட்டிப் போட்டுக் கரையான் திங்க விடுவானுக. கிறுக்குப்பயலே, சாப்புடு."

நான் சாப்பிடவில்லை. அக்கா விசிறியால் ஈயை ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"அங்கிட்டு ரிட்டையர் ஆனவங்கள லயத்த விட்டு எறங்கச் சொல்றாங்களாமே? காத்தமுத்து போன்ல சொன்னான். எத்தன மனு எழுதுன?"

"ஒண்ணும் எழுதலக்கா."

"ஒண்ணுகூடவா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எழுதச் சொல்ற?"

விசிறி நின்றது. "ஒனக்கு இருக்கிறது அந்த ஒரு மூஞ்சிதான? அத வச்சுக்கிட்டுத்தான் எழுதணும். வேற மூஞ்சி எவன் தருவான்?" என்றாள். விசிறியைக் கீழே வைத்தாள். மறுபடி பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"அன்னிக்கி அந்தத் தொர யாருன்னு கேட்டப்ப, நான் ஒடனேயா எந்திரிச்சேன்?"

"இல்லக்கா."

"ஏன்னு நெனச்ச?"

"நீ பயந்துட்டன்னு நெனச்சேன்."

"நான் எதுக்குடா பயப்படணும்? நீ எந்திரிப்பேன்னு ஒக்காந்திருந்தேன். இவ்வளவு நாளு எழுதுன பய, எந்திரிப்பான்னு. நீ காலையே பாத்துக்கிட்டு இருந்த. சரி, பதினோரு வீடு போயிரக்கூடாதேன்னு நான் எந்திரிச்சேன். ஒங்க மாமா போயிட்டாரு, அது போகட்டும். நான் இன்னமும் அப்படித்தான்டா ஒக்காந்திருக்கேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சொல்லிவிட்டு, என் தட்டில் ஆறிப்போன சோற்றை எடுத்துப் போட்டுவிட்டு வேறு சூடாக வைத்தாள்.